பூஞ்சையும் அதன் சார்பும்

கேண்டிடா என்ற பூஞ்சையைச் சோதனைக்கூடத்தில் திரவத்தில் மிதக்கவிட்டு ஃப்ளுகோனசோல் கொடுத்தால், மிகச் சிறிய அளவிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதே பூஞ்சை ஒரு பிளாஸ்டிக் துண்டின்மேல் ஒட்டி, இரண்டு நாள் வளர்ந்து, தன்னைச் சுற்றிப் படலம் ஒன்றைக் கட்டிக்கொண்ட பிறகு மருந்தை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் பல சமயம் அது அசைந்து கொடுப்பதில்லை. பூஞ்சையின் மரபணுவிலோ மருந்தின் மூலக்கூறிலோ இடைப்பட்ட நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. பூஞ்சை ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே புதிது. அப்படியானால் இந்த மருந்துக்கு இந்தப் பூஞ்சையை அடக்கும் ஆற்றல் உண்டா, இல்லையா? மருத்துவருக்கு இது மருந்தளவு பற்றிய கேள்வியாகத் தெரியலாம். இதற்குள் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு பொருளின் இயல்பு அதற்குள்ளே இருக்கிறதா, அது சார்ந்து நிற்பதில் இருக்கிறதா? பௌத்தரும் சமணரும் சைவரும் தமிழ் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி இது. சைவ சித்தாந்தம் கொடுத்த விடைதான் பூஞ்சை பற்றி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளுக்கு மிக நெருங்கி வருகிறது என்பது என் கட்சி. அதை ஏற்றுக்கொண்டால் மருந்து தோற்கும்போது யாரைக் குறை சொல்வது என்பதும் மாறிவிடுகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி மேற்கே போனால் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, கண் மருத்துவமனை என்று ஒன்றையொட்டி ஒன்றாக வருகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரோ ஆவடி எச்.வி.எஃப்.பில் ஓய்வுபெற்றவரோ உடம்பு மோசமாகி ஐ.சி.யூ.வில் படுக்க நேர்ந்தால், கழுத்தில் ஒரு சென்ட்ரல் லைன், கீழே யூரின் ட்யூப், தொண்டையில் வென்டிலேட்டர் குழாய், சிறுநீரகம் கெட்டிருந்தால் டயாலிசிஸ் லைன் என்று ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் உயிரைக் காப்பதற்குத்தான். ஆனால் பூஞ்சையின் பக்கத்திலிருந்து பார்த்தால், எதிர்ப்புச் சக்தி நிரம்பிய உடம்புக்குள் காவலில்லாத ஒரு திண்ணை கிடைத்த மாதிரி. 2011-12இல் இந்தியாவின் 27 ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வு, ரத்தத்தில் கேண்டிடா ஏறிய 1,400 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. அனுமதிக்கப்பட்ட ஆயிரம் பேரில் ஆறு, ஏழு பேருக்கு இந்தத் தொற்று வந்தது. அவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் பூஞ்சைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே சாகக் கிடந்தவர்களும் அதில் உண்டு. ஆனாலும் பூஞ்சை என்றால் தோலில் வரும் படர்தாமரை என்று நினைத்திருக்கும் நமக்கு இந்த எண்ணிக்கை போதுமான எச்சரிக்கை. ஐ.சி.யூ. வரை போகவும் தேவையில்லை. இரவில் பல்செட்டைக் கழற்றாமலே தூங்கும் முதியவரின் அண்ணம் சிவந்து எரிகிறதே, பல நேரம் அதுவும் பல்செட்டின் அக்ரிலிக்மேல் கேண்டிடா கட்டிய படலத்தின் வேலைதான். மருந்துச் சொட்டு விட்டால் அடங்கும். பல்செட்டைத் தேய்த்துக் கழுவாமல் மறுபடி மாட்டினால் திரும்ப வரும்.

படலம் மருந்தை எப்படித் தாங்குகிறது என்பது இப்போது ஓரளவு தெளிவாகவே தெரியும். அடியில் ஈஸ்ட் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின்மேல் நூல்போன்ற இழைகள் எழுகின்றன. எல்லாவற்றையும் சுற்றி குளுக்கான், மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும் செல்லுக்கு வெளியே சிந்திய டி.என்.ஏ.வும் கலந்த கூழ் ஒன்று நிறைகிறது. இந்தக் கூழிலுள்ள குளுக்கான், ஃப்ளுகோனசோலைத் தன்னிடமே பிடித்து நிறுத்திவிடுவதால் மருந்து செல்லுக்குள் போய்த் தன் இலக்கைத் தொடுவதே இல்லை. படலம் இளசாக இருக்கும்போது உள்ளே புகுந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்புகள் மும்முரமாக ஓடுகின்றன. முற்றிய பிறகு செல்சவ்வின் கொழுப்பே மாறிவிடுவதால் மருந்துக்குக் குறிவைக்க இடம் குறைந்துவிடுகிறது. ஆனால் எல்லா மருந்தும் இங்கே தோற்பதில்லை. கேஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின் முதலான எக்கினோகாண்டின் வகை மருந்துகள் குளுக்கான் உற்பத்தியையே தடுக்கின்றன. படலம் எதை வைத்துக் கட்டப்படுகிறதோ அதிலேயே கைவைப்பதால் அவற்றுக்குப் பலன் உண்டு. கொழுப்புக் குமிழியில் அடைத்த ஆம்போடெரிசினுக்கும் படலத்தின்மேல் பிடிப்பு இருக்கிறது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இவற்றைக் கணக்கில் கொண்டே எக்கினோகாண்டினை முதல் மருந்தாகச் சொல்கிறது. ரத்தம் சுத்தமான பிறகும் பதினான்கு நாள் மருந்தைத் தொடரச் சொல்கிறது. கூடவே, தொற்று சென்ட்ரல் லைனிலிருந்து வந்ததாகக் கருதினால், முடிந்தவரை சீக்கிரம் அந்த லைனை எடுத்துவிடு என்கிறது. ஒரு மருந்து பற்றிய வழிகாட்டிக்குள் மருந்தே அல்லாத ஒரு கட்டளை இவ்வளவு முக்கியமாக இடம்பிடித்திருப்பதுதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை.

சித்தாந்திகள் உயிரைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று ஓர் இயல்பைக் குறிப்பிடுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அமைத்துத் தொடங்கிவைத்த மரபு இது. உயிர் தன்னைக் கட்டும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் மலம்போல் நிற்கும், இறைவனைச் சார்ந்தால் அவன்போல் நிற்கும். பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் படிகம் காட்டுவதுபோல. இதற்கு எதிர்முனையில் பௌத்தர் நின்றார்கள். பூந்தமல்லி வழியாகப் போகும் பழைய சாலை சென்று சேரும் காஞ்சியில்தான் மணிமேகலைக்கு அறவண அடிகள் பன்னிரு நிதானங்களை உபதேசிக்கிறார். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, சார்பு நீங்கினால் தோற்றமும் நீங்குகிறது, இவற்றுக்கு அப்பால் நிலையான உட்பொருள் என்று ஏதும் கிடையாது என்பது அந்த உபதேசத்தின் சாரம். சித்தாந்தி இதில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்வார். சார்பு எல்லாவற்றையும் மாற்றும். ஆனால் மாறுவதற்கென்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பார். நிறம் பூவுடையதாக இருக்கலாம், அதை வாங்கிக் காட்டும் தன்மை படிகத்தினுடையது. அதே பூவைச் செங்கல்லின் பக்கத்தில் வைத்தால் செங்கல் நிறம் மாறாது.

இந்த இரண்டு கட்சிகளில் எதன் பக்கம் பூஞ்சை சாட்சி சொல்கிறது என்று பார்ப்பதற்குமுன் ஓர் எளிய மறுப்பைக் கவனிக்க வேண்டும். சார்புதான் எல்லாம் என்றால், எங்கே மிதந்தாலும் மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள் எப்படி வந்தன? 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் சில ஆண்டுகளுக்குள் இந்திய மருத்துவமனைகளிலும் அடையாளம் காணப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. அதன் பெரும்பாலான வகைகளை ஃப்ளுகோனசோலால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. காரணம் மரபணுவில் நிகழ்ந்த மாற்றம். பிளாஸ்டிக்கில் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அந்த எதிர்ப்பு அதன் கூடவே பிறந்தது. இது பௌத்தக் கட்சிக்குச் சங்கடம், சித்தாந்தத்துக்கு இல்லை. ஏனென்றால் சித்தாந்தம் மலத்தையே இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறது. ஆணவம் உயிரோடு கூடவே இருப்பது, சகசம். கன்மமும் மாயையும் இடையில் வந்து சேர்ந்தவை, ஆகந்துகம். மரபணுவில் எழுதப்பட்ட எதிர்ப்பு முதல் வகை. படலத்தால் கிடைக்கும் தாங்குதிறன் இரண்டாம் வகை. இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வரலாம். ஆனால் இரண்டுக்கும் மருத்துவம் வேறு. முதலாவதற்கு மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்குச் சார்பை நீக்க வேண்டும். இந்தப் பிரிவைச் செய்யாமல் 'மருந்து கேட்கவில்லை' என்று பொதுவாகச் சொல்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டாம் வகை உண்மையிலேயே இடையில் வந்ததுதான் என்பதற்கு நல்ல சான்று உண்டு. படலத்தின்மேல் ஆம்போடெரிசினைக் கொட்டினால் பெரும்பாலான செல்கள் சாகின்றன. ஒரு சிறு பங்கு மட்டும் எந்த அளவுக்கும் சாகாமல் கிடக்கிறது. 2006இல் ஆய்வாளர்கள் அந்த மிச்சத்தை எடுத்து மறுபடி வளர்த்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு பரம்பரையாக வருவதாக இருந்தால் புதிய படலம் முழுவதுமே மருந்தைத் தாங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பழையபடியே பெரும்பாலானவை செத்தன, பழையபடியே ஒரு சிறு பங்கு மிஞ்சியது. மிஞ்சியவை தனிச்சாதி அல்ல, கூட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த நிலை அது. இதற்கு எதிராக இன்னொரு சோதனையைக் காட்டலாம்: படலத்திலிருந்து பிரித்தெடுத்த செல்கள் உடனே பழைய பலவீனத்துக்குத் திரும்பிவிடுவதில்லை, சார்பு போன பிறகும் மருந்தைத் தாங்கும் திறன் சிறிது காலம் நீடிக்கிறது. படலத்திலிருந்து தானாகக் கழன்று ரத்தத்தில் கலப்பவை மிதந்து வளர்ந்தவற்றைவிட மூர்க்கமானவை என்றும் கண்டிருக்கிறார்கள். சார்பை நீக்கினால் சரியாகிவிடும் என்ற என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் லைனை எடுத்த பிறகும் ஏன் பதினான்கு நாள் மருந்து என்பதற்கு விளக்கமும் இதிலேயே கிடைக்கிறது. பற்று விட்ட பிறகும் அதன் வாசனை தங்கும் என்பதைச் சித்தாந்த நூல்கள், உடம்போடு இருக்கும்போதே விடுதலை பெற்ற சீவன்முத்தரைப் பற்றிப் பேசும்போது விரிவாகவே ஆராய்கின்றன. விட்டுவிட்டேன் என்று ஒருவன் சொன்ன அன்றே முடிந்துவிடும் என்று அவை எங்கும் நம்பவில்லை.

மருந்தின் அளவை ஏற்றினால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு தத்துவம் என்று கேட்கலாம். இங்கே திருமுல்லைவாயிலின் தலபுராணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக் கொடிகள் சுற்றிக்கொண்டன, யானையின் மேலிருந்தபடியே கொடியை வாளால் வெட்டினான், ரத்தம் வந்தது, அடியில் இருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்திருந்தது. இன்றும் மாசிலாமணீசுவரர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள்தான் இருக்கிறார், சித்திரை சதயத்தில் மட்டும் அது களையப்பட்டு மறுபடி சாத்தப்படுகிறது. சிக்கலை வெட்டுகிறவனுக்கு அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆம்போடெரிசினின் கதையும் இதுவே. 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து கிடைத்த இந்த மருந்து, பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றி இழுத்துக் கொல்கிறது. நம் செல்சவ்விலுள்ள கொலஸ்டிரால் அதற்கு மிக நெருங்கிய உருவம். பரிணாம மரத்தில் பூஞ்சை செடிகொடிகளைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு; அதனால்தான் பாக்டீரியாவைக் கொல்வதுபோல் பூஞ்சையை நோகாமல் கொல்ல முடிவதில்லை. அளவு ஏறும்போது சிறுநீரகம் கெடுகிறது. படலத்தை ஊடுருவ ஆயிரம் மடங்கு வேண்டும் என்று சோதனைத் தட்டு சொன்னால், அந்த ஆயிரம் மடங்கைத் தாங்கும் மனித உடம்பு கிடையாது. 2021இல் கறுப்புப் பூஞ்சை பரவி, தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கி, ஆம்போடெரிசினுக்கு நாடே அலைந்த மாதங்களிலும் மருந்து மட்டும் போதவில்லை. அந்தப் பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துத் திசுவைச் சாகடித்துவிடுவதால் மருந்து போய்ச்சேர வழியே இருக்காது. செத்த பகுதியை அறுத்தெடுத்தால்தான் மருந்துக்கு வேலை.

சமணர்களின் பார்வையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அம்பத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத புழலில் பழைய ஆதிநாதர் கோயில் இருக்கிறது. அந்த மரபின் உயிரியலில் பல உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து, மூச்சும் உணவும் பொதுவாகக் கொண்டு வாழும் ஒரு வகை உண்டு. படலத்தைப் பார்க்கும்போது இந்த வகைப்பாடு வியப்பூட்டுகிறது. நம் சோதனைக்கூடங்கள் மருந்தின் வீரியத்தை அளப்பது வளர்ப்புத் திரவத்தில் மிதக்கும் தனிச் செல்களை வைத்துத்தான். தனி உயிர்தான் அலகு என்று யாரும் வாதித்து நிறுவவில்லை. அளக்க எளிது என்பதால் அது வழக்கமாகிவிட்டது. அறிக்கையில் ஃப்ளுகோனசோலுக்கு எதிரே 'எஸ்' என்று போட்டிருந்தால், மிதக்கும் செல்லுக்கு அது கேட்கும் என்று மட்டுமே பொருள். நோயாளியின் கழுத்திலிருக்கும் லைனைப் பற்றி அந்த எழுத்து வாய் திறக்கவில்லை.

என் கட்சிக்கு எதிரான வலுவான சான்று மருத்துவமனையிலிருந்தே வருகிறது. 2010இல் இரண்டு பெரிய பரிசோதனைகளின் 842 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், லைனைச் சீக்கிரம் எடுத்ததால் உயிர்பிழைப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். சார்பு அவ்வளவு முக்கியம் என்றால் அது எண்ணிக்கையில் தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டு ஆண்டு கழித்து ஏழு பரிசோதனைகளின் 1,915 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, லைனை எடுத்தவர்களிடமும் எக்கினோகாண்டின் பெற்றவர்களிடமும் இறப்பு குறைந்திருந்ததைக் கண்டது. மிகவும் மோசமாக இருக்கும் நோயாளியின் லைனை எடுக்க மருத்துவர் தயங்குவார் என்பதால் இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரு சாய்வு உண்டு. சீட்டுக் குலுக்கிப்போட்டு லைனை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் பரிசோதனை நடத்துவது அறத்துக்கும் நடைமுறைக்கும் கடினம். எனவே இதை முடிந்த வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். படலம் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவும் இரண்டாவது ஆய்வின் எண்ணிக்கையும் ஒரே பக்கம் சாய்கின்றன. முதல் ஆய்வு, லைனை எடுப்பதை மந்திரம்போல் நம்பாதே என்று எச்சரிக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கடினமானது. சார்பை நீக்கு என்று சொல்வது சுலபம். சார்பு நம் உடம்பாகவே இருந்தால்? பூந்தமல்லி அருகே நூம்பலில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு, கண்ணில் நெற்கதிரோ செடியோ குத்தி, பூஞ்சையால் கருவிழி வெளுத்து வருகிறவர்களுக்கு எடுத்து எறிய பிளாஸ்டிக் எதுவும் கிடையாது. இங்கே மருந்தேதான் கதி. அரவிந்தின் தமிழ்நாட்டு, புதுச்சேரி மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்து 2013இல் வெளியான பரிசோதனையில், கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும் புதிய வோரிகோனசோலைவிட, ஊடுருவல் குறைந்த பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தந்தது; ஃபுசேரியம் பூஞ்சையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. ஆகவே சார்பைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை என்று பேசுகிறவனுக்கு இது நல்ல குட்டு. ஆனால் அந்த மருந்தும் தோற்றால் கண் மருத்துவர் கடைசியில் என்ன செய்கிறார்? பூஞ்சை பற்றிய கருவிழியையே வட்டமாக வெட்டியெடுத்து, தானமாகக் கிடைத்த கருவிழியைத் தைக்கிறார். டயாலிசிஸுக்கு வேறு ரத்தக்குழாய் மிஞ்சாத நோயாளிக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இப்படிப்பட்ட வழியும் அடைபட்டிருக்கலாம். அங்கே லைனை வைத்துக்கொண்டே அதற்குள் மருந்தை நிரப்பி நிறுத்திப் போராடுகிறார்கள். சில சமயம் வெல்கிறார்கள்.

பூஞ்சைக்கு ஆணவம் உண்டா, பிளாஸ்டிக் குழாய் மாயையா என்று யாராவது கேலியாகக் கேட்டால், இல்லை என்பதே பதில். சிவஞானபோதத்தில் நுண்ணுயிரியல் இருப்பதாக நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களால் தத்துவத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே அவப்பெயர். நான் கேட்பது, ஓர் இயல்பை எங்கே வைத்துத் தேடுவது என்ற கேள்விக்கு நம்மிடம் நன்கு தீட்டப்பட்ட ஒரு வாதமுறை இருக்கும்போது அதை ஏன் பூஜை அறையோடு நிறுத்த வேண்டும் என்பதுதான். அந்த வாதமுறை இங்கே தரும் முடிவு கசப்பானது. மருந்து தோற்றால் பூஞ்சை வலிது என்கிறோம், அல்லது மருந்து மட்டம் என்கிறோம், அல்லது நோயாளியின் விதி என்கிறோம். ஆனால் பூஞ்சை பற்றிக்கொண்ட அந்தச் சார்பை உடம்புக்குள் வைத்தது நாம். தேவைக்காக வைத்தோம், சரி. தேவை முடிந்த பிறகும் ஒரு நாள், இன்னொரு நாள் என்று அது அங்கேயே இருந்தால், அந்த நாட்களுக்குப் பூஞ்சை பொறுப்பல்ல.

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மருந்தின் பெயரோ அளவோ புரிய வேண்டியதில்லை. காலையில் மருத்துவர் வெளியே வந்து பேசும் அந்த ஐந்து நிமிடத்தில், உள்ளே போட்டிருக்கும் லைன் இன்றைக்கும் தேவையா டாக்டர் என்று தினமும் ஒருமுறை தயங்காமல் கேளுங்கள்.